உச்சிப்புளிக்கு எந்த ஊர் மின்சார கார்?

மச்சான் மூன்று மாதமாக ஒரே பிடியில் நின்றார். “வாங்குனா தூத்துக்குடிக் காருதான் மாப்ள. நம்ம கடக்கரையில செய்றது, நம்ம பக்கத்துப் பயலுக வேலை பாக்குறது. குஜராத்துக்காரனுக்கு எதுக்குக் காசைக் கொடுக்கணும்?”

அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி சிப்காட்டில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆலையைத் திறந்தேவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிற எங்கள் உச்சிப்புளியிலிருந்து கிளம்பி கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று கடலோரமாகவே போனால் 150 கி.மீ. இருக்கும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இதற்கு முன் யாரும் கார் செய்ததில்லை. ஆனால் அங்கே முதலில் செய்ய ஆரம்பித்தது வி.எஃப்.6, வி.எஃப்.7 என்ற இரண்டு வண்டிகள், இரண்டுமே சின்ன வண்டி இல்லை. வி.எஃப்.6 அறிமுக விலையே 16.49 லட்சம். மச்சான் கையில் இருப்பது 9 லட்சம், அதிலும் 4 லட்சம் கடன். அந்தக் கம்பெனியின் குட்டி வண்டி வி.எஃப்.3, 3.2 மீட்டர் நீளம்கூட வராது, 2025 ஜனவரியில் டில்லி கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது வியட்நாமில் உருவாகிற வண்டி. ஆக, பக்கத்து ஊர் ஆலை என்று பெருமைப்படலாம், நமக்குத் தேவையான வண்டி அங்கிருந்து வரவில்லை.

என்னிடம் இந்த வேலையை ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு. நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன். பெட்டியில் ‘கோவைத் தயாரிப்பு’ என்று அச்சடித்திருக்கும் ஒரு பம்புக்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்பது பில் போடுகிற எனக்குத் தெரியும். மச்சான் மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் நண்டு கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறார், தினம் 70 கி.மீ. ஓட்டம். மாதம் ஒரு தடவை அத்தையை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், போக மட்டும் 130 கி.மீ. சொச்சம். இந்த இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே வண்டி, அது மின்சார வண்டி. இதுதான் கேள்வி.

அவர் பட்ஜெட்டுக்குள்ளும் அதைத் தாண்டியும் நாங்கள் பார்த்தவை மூன்று. டாட்டா டியாகோ குஜராத்தில் சனந்தில் செய்வது. எம்.ஜி. காமெட், அதுவும் குஜராத்தான், ஹலோல். அப்புறம் சிட்ரோயன் இ-சி3, நம் திருவள்ளூர்.

திருவள்ளூர் என்றதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார், தூத்துக்குடி இல்லாவிட்டாலும் தமிழ்நாடாவது ஆச்சே என்று. அங்கேதான் அவருடன் எனக்கு வாக்குவாதம் ஆரம்பித்தது. ஒரு கார் ‘இங்கே செய்தது’ என்றால் என்ன அர்த்தம்? படகை வைத்தே அவருக்குச் சொன்னேன். விசைப்படகின் உடம்பு மண்டபத்திலேயே கட்டப்படலாம், மரம் வேறு ஊர், இஞ்சின் வேறு ஊர், வலை வேறு ஊர். படகை விலைக்குப் பேசுகிறவர் எவரும் ‘கட்டினது யாரு’ என்பதோடு நிறுத்துவதில்லை, ‘இஞ்சின் எது, அதுக்குச் சாமான் ராமேஸ்வரத்துல கிடைக்குமா’ என்பதுதான் அடுத்த கேள்வி. மின்சாரக் காரில் அந்த இஞ்சின் இடத்தில் இருப்பது பேட்டரி. விலையில் பெரும் பங்கு அதற்கே போகிறது.

பேட்டரிக்குள் இருக்கும் செல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சனந்துக்கும் திருவள்ளூருக்கும் தூத்துக்குடிக்கும் வித்தியாசம் ரொம்பச் சுருங்கிப் போகிறது. இந்த விலையில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்.எஃப்.பி. உலகத்தில் அந்த வகைச் செல்லில் பெரும்பகுதியைச் செய்வது சீனா. டாட்டா குழுமத்தின் ஆட்டோகாம்ப் கம்பெனி சீனாவின் கோஷனோடு கூட்டு வைத்து இங்கே செல்களை அடுக்கிப் பேட்டரிப் பெட்டியாக்குகிறது. பெட்டி நம்முடையது, செல் அவர்களுடையது. டாட்டாவின் அக்ராடஸ் சனந்தில் செல் ஆலை கட்டுகிறது, ஓலா நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒன்று வைத்திருக்கிறது, அமர ராஜா தெலங்கானாவில். இதெல்லாம் இன்னும் சில வருடத்தில் நிலைமையை மாற்றலாம், மச்சான் வாங்கப்போகும் வண்டிக்கு அது உதவாது.

மோட்டாரும் அப்படித்தான். மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கு அருமண் உலோகங்கள் வேண்டும். 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா அவற்றில் சிலவற்றுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இந்தியக் கார் கம்பெனிகள் எல்லாம் பதறின. இதில் வேடிக்கை என்னவென்றால், அருமண் இருக்கிற மோனசைட் மணல் நம் தெற்குக் கடற்கரையில், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமே அள்ளிப் பிரிக்கிற சரக்கு. மணல் இங்கே, காந்தம் அங்கே. சரி, அதைப் பேச ஆரம்பித்தால் கார் வாங்க முடியாது.

காமெட் இன்னும் ஒரு படி மேலே. அதன் மூலம் சீனாவின் வூலிங் ஏர் என்ற குட்டி வண்டி. அதே வண்டியை இந்தோனேசியாவிலும் செய்கிறார்கள், 2022-இல் பாலியில் ஜி-20 மாநாடு நடந்தபோது அங்கே ஓடியது. ஹலோலுக்கு வந்ததும் அதன் பெயர் காமெட், 2023-இல். ஒரே வரைபடம், மூன்று நாடு.

அப்படியானால் எந்த ஊர் என்பது எதற்குமே முக்கியமில்லையா என்று மச்சான் கேட்டார். முக்கியம்தான், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. முதல் காரணம் வரி. முழு வண்டியாக வெளிநாட்டிலிருந்து இறக்கினால், 40 ஆயிரம் டாலருக்குள் அடங்குகிற காருக்கே 2023 பட்ஜெட்டில் சுங்கவரியை 60 சதவீதத்திலிருந்து 70 ஆக்கினார்கள். அந்த வரியைக் கட்டி ஒரு சின்னக் காரை 9 லட்சத்துக்கு யாராலும் விற்க முடியாது. அதனால் நமக்குக் கிடைக்கிற சின்ன மின்சார வண்டி எதுவானாலும் இந்தியாவில்தான் பூட்டப்பட்டிருக்கும், இதைத் தேர்ந்தெடுக்க நாம் எந்தச் சிரமமும் பட வேண்டியதில்லை.

இரண்டாவது, வேறு நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறு பதில். ஒரகடத்தில் செய்யும் ரெனோ க்விட் எல்லாருக்கும் தெரியும். அதனுடைய மின்சாரத் தம்பி சீனாவின் ஷியான் நகரில் உருவாகி, டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்றது. 2023 டிசம்பரில் பிரான்ஸ் மானிய விதியை மாற்றியது. ஆலை ஓட்டுகிற மின்சாரம் எதிலிருந்து வருகிறது, வண்டி எவ்வளவு தூரம் கப்பலில் வருகிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து மதிப்பெண் போட்டார்கள், ஸ்பிரிங்குக்கு மானியம் போய்விட்டது. அதே கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் குஜராத்தானாலும் தமிழ்நாடானாலும் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரிதான், பெரிதாக ஒன்றும் பிரியாது. வண்டி ஓடுகிற காலத்தில் அதற்கு என்ன கரண்ட் ஊற்றுகிறோம் என்பதில் பிரியும். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆலை பக்கத்தில் இருந்தால் சர்வீஸ் நன்றாக இருக்கும் என்பது மச்சானின் கடைசித் துருப்பு. இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இந்த மூன்று ஆலைகளின் ஜாதகத்தையே பாருங்கள். ஹலோலில் முன்பு செவர்லே கார் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பியது, 2017-இல் அந்த இடத்தை எம்.ஜி.யின் சீனத் தாய்க்கம்பெனி வாங்கியது. திருவள்ளூரில் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் இறங்கியது. சனந்த் நானோவுக்காகக் கட்டியது, மேற்கு வங்கத்தில் சிங்கூரிலிருந்து 2008-இல் துரத்தப்பட்டு வந்தது, பக்கத்திலேயே இருந்த ஃபோர்டு ஆலையையும் 2023 ஜனவரியில் டாட்டா எடுத்துக்கொண்டது. நம் மறைமலை நகரிலேயே ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. சென்னைக்குப் பக்கத்தில் செய்த காரை நம்பி வாங்கியவர்களின் காரும் கம்பெனி போன பிறகு சாமானுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்ற பயத்தில்தான் நின்றது. ஆலைக்குக் கால் முளைக்காது என்று யார் சொன்னது.

எங்கள் தெருவில் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார், கம்பெனி பெயர் வேண்டாம், அதுவும் தமிழ்நாட்டிலேயே செய்ததுதான். கன்ட்ரோலர் போய் ஏழு வாரம் திண்ணையில் நின்றது. செய்த ஊர் ஒரு பகல் தூரம்தான், சாமான் மட்டும் வரவில்லை. அதனால் நாங்கள் எல்லாக் கம்பெனிக்கும் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டோம்: பெரிய பேட்டரியை இறக்கித் திறந்து பார்க்கப் பயிற்சி எடுத்த ஆள், எங்களுக்குக் கிட்டத்தில் எந்த ஊரில் இருக்கிறார், அவர் பெயர் என்ன? ஷோரூம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்விக்குச் சிலர் யோசித்தார்கள். பதில்களை இங்கே எழுதவில்லை, ஆறு மாதத்தில் ஆள் மாறிவிடுவார், நீங்களே கேளுங்கள்.

இனி, எங்கள் பக்கத்துக்கு உண்மையிலேயே பெரிய விஷயம், உப்பு. கோயம்புத்தூர்க்காரருக்கு இதைச் சொன்னால் புரியாது. உச்சிப்புளியில் வாங்கி இரண்டு வருடமான சைக்கிள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஜன்னல் கொண்டி, கேட் கீல், ஃபேன் இறக்கை எல்லாம் தெரியும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாங்கள் சிக்ரி என்போம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது, அவர்கள் துரு ஆராய்ச்சிக்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இரும்பை எந்த ஊர்க் காற்று சீக்கிரம் தின்னும் என்று பார்த்து எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆலையில் துரு சோதனை என்பது 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் பெட்டிக்குள் தெளித்து மணிக்கணக்கில் வைப்பது, எங்கள் பம்பு உறைக்கும் அதேதான். மண்டபத்துக் காற்று அந்தப் பெட்டிக்குள் அடங்காது. பகலில் காய்ந்து இரவில் ஈரமாகி மறுபடி காய்வதுதான் இரும்புக்கு எமன்.

மின்சார வண்டிக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கிக் கரண்டைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்புகிறது. நல்ல விஷயம், பிரேக் தேயாது. ஆனால் தேயாத பிரேக் டிஸ்க் உப்புக் காற்றில் துருப் பிடித்துக்கொண்டே போகும். வாரம் ஒரு தடவையாவது காலி ரோட்டில் அழுத்தி நாலைந்து முறை பிரேக் போட்டுத் துருவை உரிக்க வேண்டும். அடுத்தது சார்ஜர் சொருகும் வாய், அங்கே பின்னில் பச்சை பூத்தால் சூடேறும். அப்புறம் அடிப்பாகம் கழுவுவது. உச்சிப்புளி போர்த் தண்ணீரில் கழுவினால் கழுவாமலே விடலாம், அதுவே உப்பு. காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் அடியில் அடிக்க வேண்டும், குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாயே என்று அக்கா திட்டுவாள், திட்டட்டும்.

பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் முங்கினாலும் உள்ளே போகாது என்பது அதன் பொருள், சோதனை நல்ல தண்ணீரில். 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலில் கடல் தண்ணீர் ஏறிய சில மின்சார வண்டிகள் பிறகு தீப்பிடித்தன. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அது மழைத் தண்ணீர்தான், ஆனாலும் தாழ்வான இடத்தில் உப்பளத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். வண்டி நிறுத்துகிற இடம் மேடாக இருக்க வேண்டும், இதற்குச் சனந்தும் கிடையாது, தூத்துக்குடியும் கிடையாது.

வண்டிக்கு வண்டி பார்த்தால், காமெட் மச்சானின் தினசரி ஓட்டத்துக்கு அச்சு அசல். 3 மீட்டருக்கும் குறைவான நீளம், தேவிபட்டினம் சந்துக்குள் எங்கும் திரும்பும். பேட்டரி 17.3 யூனிட் பிடிக்கும், கம்பெனி சொல்லும் தூரம் 230 கி.மீ. நிஜத்தில் ஏ.சி. போட்டு அதில் முக்கால்வாசி கிடைத்தால் பெரிது. ஆனால் வேக சார்ஜ் வசதி, அதாவது டி.சி. சார்ஜ், அதில் கிடையாது. மதுரைக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வண்டியை எங்காவது பல மணி நேரம் சொருகி வைக்க வேண்டும். பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் காமெட் 4.99 லட்சம், கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் என்று 2024 செப்டம்பரில் ஒரு திட்டம் வந்தது. மச்சான் மாதம் 1,750 கி.மீ. ஓட்டுகிறவர், வாடகையே 4,375 ரூபாய், அதன் மேல் கரண்ட். கொஞ்சமாக ஓட்டுகிறவருக்குச் சரி, இவருக்குச் சரிப்படாது.

திருவள்ளூர் வண்டிக்கு மூன்றிலும் பெரிய பேட்டரி, 29.2 யூனிட். உள்ளே இடமும் தாராளம், வேக சார்ஜும் உண்டு. மனசுக்குள் எனக்கே அது பிடித்திருந்தது. ஆனால் பேட்டரியைக் குளிர்விப்பது காற்றுதான், சித்திரை வெயிலில் மானாமதுரை தாண்டி வேக சார்ஜ் போட்டால் என்ன ஆகும் என்று யோசனை. அதைவிட, 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை, குழந்தைகளுக்கு ஒன்று. நம் ஊரில் செய்த வண்டி என்ற பாசம் இந்த இடத்தில் எனக்கு விட்டுப்போனது. மச்சானுக்கும்தான், அக்காள் பிள்ளைகள் இரண்டு பேர் பின்னால் உட்காரப்போகிறார்கள்.

டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு பேட்டரி. சின்னது வேண்டாம். 24 யூனிட் வண்டியில் பேட்டரியைத் திரவம் ஓடிக் குளிர்விக்கிறது, வேக சார்ஜில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம், அத்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம், மச்சானின் கணக்குக்கு ஏழரை வருடத்தில் அந்தக் கிலோமீட்டர் வந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் கொஞ்சம் மட்டம், பின் சீட் மூன்று பேருக்கு இடுக்கம். ஆனால் இந்தக் கம்பெனியின் மின்சார வண்டி டாக்சியாகவும் சொந்தமாகவும் நிறைய ஓடுவதால் கைபார்த்த மெக்கானிக் அதிகம், எனக்கு அது ஒன்றே போதும்.

கரண்டு விஷயம் சொல்கிறேன் என்றேன். கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதன் கரண்டு நேராக உச்சிப்புளிக்கு வருவதில்லை என்றாலும் வெயில் எவ்வளவு என்பதற்கு அது சாட்சி. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது, நாளுக்குச் சராசரி 12 யூனிட் எடுக்கலாம். மச்சானுக்கு காருக்கு 7, 8 யூனிட் போதும். பேனலில் படியும் உப்பைத் துடைக்கிற வேலை ஒன்று கூடும்.

போன வாரம் டியாகோவுக்கு முன்பணம் கட்டினார். “குஜராத்துக்காரனுக்குத்தான் போச்சு காசு” என்று முனகிக்கொண்டே கட்டினார், வி.எஃப்.3 தூத்துக்குடியில் செய்ய ஆரம்பித்தால் அக்காவுக்கு ஒன்று என்றும் சொல்லிவைத்திருக்கிறார். டெலிவரிக்கு முன் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு வேண்டும், அதனால் உத்தரவாதம் போகாது என்று எழுதியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். சார்ஜர் பாயின்ட் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் எர்த் குழியைத் தோண்டினார், பழைய இரும்புக் கம்பி பாதி கையோடு வந்தது. “உப்பு மண்ணுல எர்த் நல்லாவே எடுக்கும்ணே, கம்பிதான் நிக்காது” என்றார். செம்புக் கம்பி ராமநாதபுரத்தில் வாங்கியாகிவிட்டது, சனிக்கிழமை வந்து இறக்குகிறார்.